ரஹமீம்: ‘இரக்கம்’ என்ற சொல்லுக்குள் ஒரு தாய்வயிறு

ஓசியா தீர்க்கதரிசியின் மகள் பேர் லோருகாமா. தமிழ் வேதாகமம் அந்தப் பேரை மொழிபெயர்க்காமல் எபிரெய ஒலியிலேயே விட்டிருக்கிறது. ‘லோ’ என்றால் இல்லை; ‘ருகாமா’ என்றால் இரக்கம் பெற்றவள். இரக்கம் பெறாதவள் என்று ஒரு பெண்குழந்தைக்குப் பேர் வைக்கச் சொல்லிய கடவுள், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அந்த ‘லோ’வை எடுத்துவிட்டு, உங்கள் சகோதரிகளைப் பார்த்து ருகாமா என்று சொல்லுங்கள் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் இந்தப் பேர்களைத் தட்டுத்தடுமாறி வாசித்துக் கடந்துவிடுகிறோம். கடவுளின் தாய்மையைப் பற்றிப் பேச எபிரெயம் தரும் முதன்மையான சொல்லின் வேர் அதற்குள்தான் இருக்கிறது.

அந்த வேருக்கு மூன்று எழுத்து: ரேஷ், ஹேத், மேம். நடுவிலுள்ள ஹேத் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. அதற்குத் தமிழில் சரியான எழுத்து இல்லாததால் சிலர் ‘ஹ’ என்றும் சிலர் ‘க’ என்றும் எழுதுகிறார்கள். ‘ரெஹெம்’ என்றால் கருப்பை. ‘ரஹமீம்’ என்றால் இரக்கம், உள்ளுருக்கம். ‘ரஹூம்’ என்பது இரக்கமுள்ள என்ற அடைமொழி; பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் கடவுளுக்கே வருகிறது. சகோதர மொழிகளிலும் இதே உறவு உண்டு. அரபியில் ‘ரஹிம்’ கருப்பை, ‘ரஹ்மத்’ அருள். ரஹ்மான், ரஹீம், ரஹ்மத்துல்லா என்று நம் ஊர் இஸ்லாமியர் வைத்துக்கொள்ளும் பேர்களெல்லாம் இதே மூன்று எழுத்தில் பிறந்தவை.

சொல்லின் உயிரைப் பிடிக்க 1 இராஜாக்கள் 3:26-ஐத் திறந்து பாருங்கள். சாலொமோன் முன்னால் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை, ஒரு பட்டயம். பிள்ளையை இரண்டாக வெட்டச் சொன்னதும் பெற்றவளுக்கு என்ன ஆனது என்பதற்கு எபிரெயம் தரும் தொடர் ‘நிக்மெரு ரஹமேஹா’: அவளுடைய ரஹமீம் சூடேறிப் பொங்கிற்று. 1871-இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு), பவர் ஐயர் தலைமையிலான குழுவின் உழைப்பு, இதை ‘தன் பிள்ளைக்காக அவள் குடல் துடித்ததினால்’ என்று தந்தது. ‘அவள் இரக்கங்கொண்டு’ என்று மழுப்பியிருந்தால் காட்சியே செத்துப்போயிருக்கும். உடம்பின் உள்ளே நடப்பதைத் தமிழ் உடம்பின் உள்ளேயே வைத்திருக்கிறது.

ஆதியாகமம் 43:30-இல் அதே தொடர், அதே வினை மறுபடி வருகிறது. தம்பி பென்யமீனைக் கண்ட யோசேப்புக்கு ரஹமீம் பொங்குகிறது. அங்கே தமிழ், ‘யோசேப்பின் உள்ளம் தன் சகோதரனுக்காகப் பொங்கினபடியால்’ என்கிறது. தாய்க்குக் குடல், அண்ணனுக்கு உள்ளம். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல் என்பது தமிழ் வாசகருக்குத் தெரிய வழியில்லாமல் போனது.

யோசேப்பு ஆண் என்பதை மறந்துவிடக் கூடாது. ரஹமீம் என்றாலே கருப்பை, ஆகவே அது பெண்ணுக்கு மட்டுமே உரிய அன்பு என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது தவறு. சங்கீதம் 103:13-ஐப் பாருங்கள்: ‘தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல’. அங்கேயும் வினை இந்த வேரிலிருந்தே வருகிறது. ஒரு சொல்லின் வேரே அதன் பொருள் ஆகிவிடாது; 1961-இல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் வேதாகம ஆய்வாளர்களை இதற்காகவே கடுமையாக எச்சரித்தார். ஆகவே, ‘ரஹமீம் வரும் ஒவ்வொரு வசனமும் கடவுளைத் தாய் என்கிறது’ என்று சொல்ல இடமில்லை. வேர் ஒரு வாசனைபோல உள்ளே தங்கியிருக்கிறது. எழுதியவர் வேண்டும்போது அதைத் தட்டி எழுப்புகிறார் என்று சொல்லலாம்.

தட்டி எழுப்பிய இடம் ஏசாயா 49:15. ‘ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை.’ இங்கே ‘இரங்காமல்’ என்பதற்கு எபிரெயத்தில் ‘மெரஹேம்’. உயிர்க்குறிகளை எடுத்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்தால் ‘கருப்பையிலிருந்து’ என்பதும் இதே எழுத்துகள்தான். பக்கத்திலேயே ‘அவள் வயிற்றின் மகன்’ என்ற தொடரும் நிற்கிறது. கேட்ட எபிரெயனின் காதில் இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலித்திருக்கும்.

அந்த வசனத்தில் இன்னொன்றும் உண்டு. ‘அவர்கள் மறந்தாலும்’ என்ற பாதியை வாழ்த்து அட்டைகளில் விட்டுவிடுகிறோம். தாயன்பு தோற்கவே தோற்காது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. புலம்பல் 4:10-ஐ வாசிக்க மனம் வராது: முற்றுகைப் பஞ்சத்தில் இரக்கமுள்ள ஸ்திரீகளின் கைகளே தங்கள் பிள்ளைகளைச் சமைத்தன. அந்த ‘இரக்கமுள்ள’ என்பதும் இதே வேரில் பிறந்த ‘ரஹ்மானியோத்’ என்ற சொல்தான். தாய்மையை அளவுகோலாக வைத்து, அந்த அளவுகோலும் ஒடிந்த இடத்தில் கடவுளை நிறுத்துகிறது ஏசாயாவின் வசனம். கடவுள் தாயைப் போன்றவர் என்பதைவிட அது ஒருபடி மேலே போகிறது.

தமிழில் குழப்பம் எங்கே வருகிறது என்பதற்கு 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் போதும். ‘தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும், உமது மிகுந்த இரக்கங்களின்படி என் மீறுதல்கள் நீங்க என்னைச் சுத்திகரியும்.’ எபிரெயத்தில் இங்கே மூன்று வேறு சொற்கள். ‘இரங்கும்’ என்பது ஹானன்: மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டும் தயவு. ‘கிருபை’ என்பது ஹெசெத்: உடன்படிக்கையால் கட்டுண்ட, வாக்கு மாறாத அன்பு, 1995-இல் வந்த மற்றொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதைப் ‘பேரன்பு’ என்கிறது. ‘இரக்கங்கள்’ என்பதுதான் ரஹமீம். முதலாவதும் மூன்றாவதும் தமிழில் ‘இரங்கு’ என்ற ஒரே பகுதியில் வந்து விழுந்துவிட்டதால், அரசனின் தயவும் பெற்றவளின் துடிப்பும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. தியானம் எழுதுகிறவர்கள் ‘இரக்கம்’ என்ற சொல்லைக் கண்டதும் ரஹமீம் என்று முடிவுகட்டாமல், மூலச்சொல் அகராதியில் எந்தச் சொல் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

‘இரக்கங்கள்’ என்ற பன்மை தமிழ்க் காதுக்கு உறுத்தும். நாம் ‘அன்புகள்’, ‘பாசங்கள்’ என்று சொல்வதில்லையே. அந்த ‘-கள்’ எபிரெயத்தின் ‘-ஈம்’ விகுதியை அப்படியே கொண்டுவந்தது. எபிரெயத்தில் இந்தப் பன்மை எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. ஒரு பண்பின் நிறைவைக் குறிக்கிறது. ‘அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்ற புலம்பல் வசனம் ஊறிப்போனவர்களுக்கு இந்த ‘இரக்கங்கள்’ இப்போது தமிழாகவே ஆகிவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. புதிதாக எழுதும்போது ‘பேரிரக்கம்’ என்றால் அதே நிறைவு வந்துவிடும்.

சரி, தமிழில் இதற்கு நேர்ச்சொல் எது? கையிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

‘இரக்கம்’ இரங்கு என்ற வினையிலிருந்து வந்தது. இரங்குதல் என்றால் முதலில் ஒலித்தல், புலம்புதல், வருந்துதல். முரசு இரங்கும், நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்று குறள் சொல்லும்போது பின்னால் நினைத்து வருந்துவதே பொருள். பிறர் துயரம் கண்டு நம்முள் எழும் புலம்பலாக இந்தச் சொல் வளர்ந்தது. நல்ல சொல்தான். ஆனால் இன்றைய பேச்சில் ‘இரக்கப்பட்டுக் கொடுத்தான்’ என்றால் மேலிருந்து கீழே போடும் பிச்சையின் சாயல் வந்துவிட்டது. எந்தத் தாயும் தன் பிள்ளைமேல் இரக்கப்படுவதாகச் சொல்ல மாட்டாள்.

‘கருணை’யைக் கரு என்பதோடு முடிச்சுப்போட ஆசை வரும், கருப்பையும் கருணையும் ஒரே வேர் என்று சொன்னால் பிரசங்கத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் கருணை சமஸ்கிருதத்தின் கருணா என்ற சொல்லிலிருந்து வந்தது, கருவோடு அதற்கு உறவில்லை. ஒலி ஒத்துப்போவதை ஆதாரமாக்கக் கூடாது.

‘உருக்கம்’ மூலச்சொல்லின் சூட்டைத் தருகிறது. எரேமியா 31:20-இல் வினை இரட்டித்து ‘ரஹேம் அரஹமென்னு’ என்று வரும். பழைய திருப்புதல் அதை ‘உருக்கமாய் இரங்குவேன்’ என்று இரண்டு தமிழ்ச்சொற்களால் ஈடுகட்டியது. அதற்கு முந்தின வரி: ‘என் உள்ளம் அவனுக்காகக் கொதிக்கிறது’. கொதிப்பும் உருக்கமும் ஒரே அடுப்பில் இருக்கின்றன. இந்தச் சொல்லுக்குத் தமிழில் கிடைத்த மிகச் சிறந்த வரி இதுவே என்பது என் எண்ணம்.

‘பரிவு’தான் பலர் கவனிக்காத சொல். பரிதல் என்றால் அன்பால் வருந்துவது, வருந்திப் பேணுவது. ‘பரிந்தோம்பிக் காக்க’ என்று குறளில் வருவது அந்தப் பேணுதல். மாணிக்கவாசகர் சிவனைப் பார்த்து, ‘பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து’ என்றார். குழந்தை அழுமுன்பே பால் வேளையை நினைத்து ஊட்டுகிற தாய். அவளைவிட மிகுதியாகப் பரிந்தவன் இறைவன். அடுத்த அடியிலேயே ‘ஊனினை உருக்கி’ வருகிறது. கடவுளின் தாய்மைக்கு உரிய தமிழ்ச்சொல் பரிவு என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டாம். கிறிஸ்தவ ஊழியரான ஜி.யு. போப் திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் தந்ததும் நினைவுக்கு வருகிறது. யாத்திராகமம் 34:6-ஐத் திருவிவிலியம் ‘இரக்கமும் பரிவும் உள்ள இறைவன்’ என்று தருகிறது. எபிரெய வரிசையில் ரஹூம் முதலில், ஹன்னூன் அடுத்து. அதாவது தாய்மை மணக்கும் சொல்லுக்கு இரக்கமும், தயவுக்குப் பரிவும் போயிருக்கின்றன. இரண்டையும் இடம் மாற்றி ‘பரிவும் இரக்கமும்’ என்று வைத்தால் மூலத்துக்கு இன்னும் அருகில் வரும்.

கடைசியாக, அகராதிக்கு வெளியே வழங்கும் ‘பெற்ற வயிறு’. ‘பெத்த வயிறு துடிக்குது’ என்று எந்தத் தெருவிலும் கேட்கலாம். ரெஹெமும் ரஹமீமும் எபிரெயத்தில் எப்படிச் சேர்ந்திருக்கின்றனவோ, அப்படியே இந்தத் தொடரில் உறுப்பும் உணர்வும் சேர்ந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ‘வயிறு எரிகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். வயிற்றெரிச்சல் இன்று பொறாமைக்கும் சாபத்துக்கும் போய்விட்டது. ‘துடிக்கிறது’, ‘பதறுகிறது’ சரி.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கமும் உள்ளுறுப்பை விட்டுவிடவில்லை. ‘ஸ்ப்ளாங்க்னா’ என்றால் குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகள். அதிலிருந்து வந்த வினைதான் இயேசு ஜனங்களைக் கண்டு ‘மனதுருகி’ என்ற இடங்களில் வருவது. இயேசு சொன்ன உவமையில் வீடு திரும்பும் இளைய குமாரனைத் தூரத்தில் கண்ட தகப்பனும் அதே வினையால்தான் மனதுருகி ஓடுகிறான். சகரியாவின் பாட்டில் ‘உருக்கமான இரக்கம்’ என்று நாம் பாடுவதும் இதே சொல். மனம் என்று எழுதியதில் வயிறு மறைந்தது. உருகு என்ற வினை ஓரளவு அதைக் காப்பாற்றியது.

மொழிபெயர்ப்பில் தாய்மை கூடிப்போன இடமும் உண்டு. ஏசாயா 46:3-இல் ‘கர்ப்பத்திலிருந்து சுமக்கப்பட்டவர்களே’ என்பதற்கு எபிரெயம் ‘மின்னி’ என்ற செய்யுள் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. பொருள் வெறும் ‘இருந்து’. வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதை ‘என்னிலிருந்து’ என்று எடுத்துக்கொண்டு, லத்தீனில் ‘என் கருப்பையிலிருந்து சுமக்கப்பட்டவர்களே’ என்று எழுதிவிட்டார். அழகான வரி, இலக்கணப்படி தாங்காது. நம் பழைய திருப்புதல் ‘தாயின் வயிற்றில் தோன்றினதுமுதல்’ என்று சரியாகவே நிற்கிறது. கடவுளுக்கு வழங்கும் ‘எல் ஷடாய்’ என்ற எபிரெயப் பேரை மார்பு என்ற சொல்லோடு இணைத்துச் சொல்வதும் இந்த வகைதான். மலை என்ற பொருளுள்ள அக்காடியச் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு, முடிவு ஏற்படவில்லை. ஆவி என்ற எபிரெயச் சொல் பெண்பால் என்பதால் ஆவியானவர் பெண் என்பதும் நிற்காது; இலக்கணப் பால் வேறு. அதற்குப் பதிலாக ஆதியாகமம் 1:2-இன் ‘அசைவாடி’ என்ற வினையைப் பிடித்துக்கொள்ளலாம். அதே எபிரெய வினை உபாகமம் 32:11-இல் குஞ்சுகளின்மேல் கழுகு அசைவாடுவதற்கு வருகிறது. தமிழும் இரண்டு இடத்திலும் ‘அசைவாடி’ என்றே வைத்திருப்பது மொழிபெயர்ப்பாளரின் விழிப்பு.

கடவுளைத் தாய் என்பது புதிதாகக் கிளம்பிய பேச்சு என்று நினைப்பவர்களுக்கு: 11-ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற இறையியலாளர் இயேசுவைத் தாயே என்று அழைத்து ஜெபம் எழுதினார். 1373-இல் தரிசனம் கண்ட நார்விச் ஜூலியன் என்ற ஆங்கிலேயப் பெண் துறவி அதை விரிவாக எழுதினார். திருத்தந்தை முதலாம் யோவான் பவுல் 1978 செப்டம்பரில் கடவுள் நம் தந்தை, அதைவிடத் தாய் என்றார். 1980-இல் இரண்டாம் யோவான் பவுல் இறை இரக்கம் பற்றிய சுற்றுமடலில் ரஹமீமையும் ஹெசெத்தையும் பிரித்து விளக்கினார். 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 239-ஆம் எண்ணில், கடவுளின் பரிவைத் தாய்மையின் உருவகத்தால் சொல்லலாம், அவர் ஆணும் அல்ல பெண்ணும் அல்ல என்கிறது.

இதில் தமிழுக்கு ஒரு கொடை இருக்கிறது. ‘அவர்’ என்ற மரியாதைச் சொல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொது. ‘ஆண்டவர் தேற்றினார்’ என்ற வாக்கியத்தில் வினைமுற்று பால் காட்டுவதில்லை. பிதா, தேவன் என்ற பேர்கள் ஆண்பாலாக இருந்தாலும், ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்ற ஏசாயா 66:13 தமிழில் எங்கும் இடறுவதில்லை. அங்கே எபிரெயம் ‘குழந்தையை’ என்று சொல்லவில்லை. ‘ஈஷ்’ என்கிறது, வளர்ந்த ஆள். தலை நரைத்தவனும் போய் மடியில் விழலாம்.

எழுதுகிறவர்களுக்காக: கடவுளின் பண்பாக ரஹமீம் வந்தால் ‘பரிவு’, வினையாக வந்தால் ‘உருகி இரங்கு’ அல்லது ‘பரிந்து இரங்கு’, தாயின் காட்சியோடு வந்தால் ‘பெற்ற வயிறு துடித்தது’. பாட்டுத்தாள் அச்சடிக்கும்போது வல்லின றகரத்தைக் கவனியுங்கள். ‘உம் இறக்கம் பெரிது’ என்று அச்சாகிவிட்டால் அது மலையின் சரிவு. இரங்குதலுக்கு இடையின ரகரம்.