கம்பியை இறக்குங்கள், ஏற்றாதீர்கள்

போன மே மாதம் மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கிதாரைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்தார். மதுரை சிம்மக்கல்லில் என் பட்டறை மேசை மேல் வைத்துப் பிரித்தால், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் கிதாரின் மேற்பலகைக்கும் நடுவே கறுப்புக் கோடாக ஓர் இடைவெளி. ரசீதுத் தாள் ஒன்றை அதில் செருகிப் பார்த்தேன். பாதி பிரிட்ஜ் வரை தடையில்லாமல் போனது. அதற்குக் கீழே பலகை வயிறு போல உப்பியிருந்தது.

"கீழே போடவே இல்லை அண்ணே. ஓப்பன் இ டியூனிங்கில் மூன்று வாரமாக வாசித்தேன், அவ்வளவுதான்" என்றார். கோளாறே அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் இருந்தது.

ஓப்பன் டியூனிங் நமக்குப் புதிதல்ல. வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் ச, ப, ச, ப என்றுதானே நிற்கின்றன? விரல் வைக்காமல் மீட்டினாலே இசைந்து ஒலிக்கும்படி கம்பிகளைச் சுருதி சேர்ப்பதுதான் அது. விரல்களால் மீட்டுகிறவர்களுக்கு இது பெரிய வரம். கட்டைவிரல் தடித்த கம்பிகளைத் தானாக ஒலிக்க விட்டுக்கொண்டிருக்க, இடக்கை முழுவதும் பாட்டை வாசிக்கக் கிடைத்துவிடுகிறது. டி என்ற மேற்கத்திய சுரத்தை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ஓப்பன் டி என்பது தடித்த கம்பியிலிருந்து ச, ப, ச, க, ப, ச. அந்த காந்தாரத்தை மத்திமமாக்கினால், 1960-களில் ஆங்கிலேய கிதார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி. காந்தாரம் இல்லாததால் மேஜர் (அந்தர காந்தாரம் வருவது), மைனர் (சாதாரண காந்தாரம் வருவது) இரண்டுக்கும் அது இடம் கொடுக்கும். என் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

இவை இரண்டும் கம்பியை இறக்கிச் சேர்ப்பவை. ஓப்பன் ஜி-யும் அப்படித்தான். ஓப்பன் இ, ஓப்பன் ஏ இரண்டும் ஏற்றிச் சேர்ப்பவை. ஆபத்து இங்கேதான். சுருதி ஏறினால் இழுவிசை அதன் வர்க்கத்தில் ஏறும். இரண்டு அரைச்சுரம் ஏற்றிய கம்பி முன்பைவிட 26 சதவீதம் கூடுதலாக இழுக்கும். 'லைட்' எனப்படும் சாதாரண மெல்லிய கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏற்கெனவே 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஓப்பன் இ-க்காக மூன்று கம்பிகளை ஏற்றினால் இன்னும் எட்டொன்பது கிலோ சேரும். பெரும்பாலான அக்கூஸ்டிக் கிதார்களில் பிரிட்ஜைப் பிடித்து நிறுத்துவது பசை மட்டுமே. அந்தப் பசை கத்திரி வெயிலில், பூட்டிய காருக்குள், இளகும். மதுரையில் இதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

இவ்வளவுக்கும் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. ஓப்பன் டி-யில் இறக்கி, இரண்டாவது மெட்டில் (ஃப்ரெட்டில்) எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை மாட்டினால் கிடைப்பது அதே ஓப்பன் இ. ஓப்பன் ஜி-க்கு அப்படியே செய்தால் ஓப்பன் ஏ. கேப்போவின் விலை, பிரிட்ஜைக் கழற்றி ஒட்டும் கூலியில் சிறு பங்குதான்.

இன்னொன்று, இது உடம்பு சம்பந்தப்பட்டது. சுருதி காட்டும் கருவிகளான டியூனர்களில் பல, சுரத்தின் எழுத்தை மட்டும் காட்டும். நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று சொல்லாது. முதல் கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்க நினைத்து, முறுக்காணியை எதிர்ப்பக்கம் திருகினால், எழுத்துகள் எஃப், ஜி என்று ஏறிக்கொண்டே போகும். டி வருமுன் கம்பி அறுந்துவிடும். உசிலம்பட்டிச் சிறுமி ஒருத்திக்கு அப்படி அறுந்த கம்பி கன்னத்தைக் கீறியது. அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண். ஆகவே கிதாரின் தலைப்பக்கத்திலிருந்து முகத்தை விலக்கி, கம்பியைத் தட்டிக்கொண்டே திருகுங்கள். ஒலி இறங்குகிறதா என்று காதால் கேளுங்கள். வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே போய், பிறகு மேலேறி நிறுத்துங்கள். அப்போதுதான் முறுக்காணியின் பல்லிடுக்குத் தளர்வு நீங்கிக் கம்பி நிலைக்கும். ஒரு கம்பியை மாற்றினால் மற்றவையும் நகரும். எனவே இரண்டு சுற்று சரிபார்க்க வேண்டும்.

இறக்கிய கம்பி மெட்டில் பட்டு அதிர்ந்தால், நெக்கின் (கிதாரின் கழுத்தின்) உள்ளே உள்ள இரும்புக் கம்பியை நீங்களே திருகாதீர்கள். தடிமன் கூடிய கம்பிகளைப் போட்டுப் பாருங்கள். தீராவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மேலூர் மாணவரின் பிரிட்ஜைச் சூடுகாட்டிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டு இரண்டு நாள் கிளாம்பில் வைத்தேன். திரும்பி வந்தவர் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து பிரிட்ஜுக்கு அடியில் செருகிப் பார்த்தார். போகவில்லை.