அலமாரியில் முடங்கும் ஆய்வேடுகள்

குளச்சலை ஒட்டிய கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தொழிலாளர்களின் இரத்த அழுத்தத்தை அளந்து, சமூக மருத்துவ முதுநிலைப் படிப்புக்கான ஆய்வேட்டை முடித்துப் பட்டமும் பெற்றுவிட்ட ஒரு மருத்துவரிடம், கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்பினீர்கள் என்று சென்ற வாரம் கேட்டேன். "பி மதிப்பு எதுவுமே 0.05-க்குக் கீழே வரவில்லை, மேடம். அதில் வெளியிட என்ன இருக்கிறது?" என்றார். இதே பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

உண்மையில் தொடர்பே இல்லாதபோதும், கண்ட அளவோ அதற்கு மேலோ ஒரு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்வது பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே வந்தால் முடிவைக் குறிப்பிடத்தக்கதாகக் கொள்வது வழக்கம். ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு அது விடையே அன்று. 300 பேரில் 72 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததாகக் கொள்வோம். அது 24 விழுக்காடு; 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 19 முதல் 29 வரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு மாத்திரை கணக்கிடும் வட்டார மருத்துவ அலுவலருக்குத் தேவைப்படுவது இந்த எண்தான். இரண்டு காரணிகளின் தொடர்பை ஆராயும்போதும், 0.05-க்கு மேல் வந்தால் தொடர்பே இல்லை என்று பொருளாகாது. மாதிரி சிறிதாக இருந்ததால் தென்படாமலும் போயிருக்கலாம். தொடர்பு கண்ட ஆய்வுகள் மட்டும் அச்சேறி, காணாதவை நூலகத்தில் உறங்கினால், பின்னாளில் அனைத்தையும் தொகுத்துப் பார்ப்பவர் இல்லாத தொடர்பை இருப்பதாக எழுதிவிடுவார். எதிர்மறையான, முடிவு தெளியாத முடிவுகளையும் பொதுவெளிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் கேட்கும்போது அந்தப் பிரகடனத்தைத் தவறாமல் குறிப்பிடும் நாம், ஆய்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் கரையேறியவர் உறக்கத்தைத் தள்ளிவைத்துக் கை நீட்டினார். குலசேகரம் பகுதியில், விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போய்த் திரும்பிய பெண்கள் நம் வினாத்தாளுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் தந்த நேரம் நம் பட்டத்துக்காக மட்டும் தரப்பட்டதன்று.

ஆகவே, ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே ஆசிரியர் வரிசையை வழிகாட்டியுடன் பேசி எழுதி வையுங்கள். உழைக்காதவர் பெயரைச் சேர்க்காதீர்கள். மருந்து, சிகிச்சை போன்ற மருத்துவத் தலையீடு உள்ள ஆய்வானால், முதல் பங்கேற்பாளரைச் சேர்க்குமுன் இந்தியாவின் மருத்துவச் சோதனை ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதியுங்கள், 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்னர் வந்து பதிய இயலாது. கணக்கெடுப்பு ஆய்வானால் கட்டுரையில் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தும் ஸ்ட்ரோப் (STROBE) பட்டியலின் 22 கூறுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆய்வேட்டின் நூறு பக்கங்களை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே கேள்வியை எடுத்து மூவாயிரம் சொற்களுக்குள் சொல்லுங்கள். மூன்றே நாளில் ஏற்பதாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ் எதுவாயினும், தயவுசெய்து, அதற்கு மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே போன தரவை மீட்டு நல்ல இதழில் சேர்ப்பது பெரும்பாடு. பணிமாறிச் செல்லுமுன், பெயர் நீக்கிய தரவுக் கோப்பின் ஒரு படியைத் துறையில் ஒப்படையுங்கள்.

அந்த மருத்துவரின் ஆய்வேட்டை நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் அட்டவணைக்கு நம்பிக்கை இடைவெளி கணக்கிடுவதிலிருந்து தொடங்குவோம்.