கடிவாளம்: மூன்று பொருள்களைச் சுமக்கும் ஒரு சொல்

குதிரையின் தலைக்கு வேண்டிய கருவிகளை வாங்குவோர் மூன்று பொருள்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் மேலும் படிந்து தலையைச் சுற்றி நிற்கும் தோல்வார்க் கோப்பு ஒன்று; அதன் பெயர் பிரைடில். வாய்க்குள் நாக்கின்மேல் கிடக்கும் துண்டு மற்றொன்று, அது பிட். அத்துண்டின் இருபுற வளையங்களிலிருந்து புறப்பட்டுக் குதிரைமேல் அமர்ந்திருப்பவரின் கைக்கு வந்து சேரும் நீண்ட வார்கள் ரெய்ன்ஸ் எனப்படும். மூன்றும் தனித்தனி அளவில் கிடைப்பவை; வாய்த்துண்டு பெரும்பாலும் உலோகம், மற்ற இரண்டும் பெரும்பாலும் தோல் என்பதால் பேணும் விதமும் வேறு. தமிழில் எழுத உட்காரும்போதோ மூன்றுக்கும் கடிவாளம் என்ற ஒரே சொல்லைத்தான் நம் கை எழுதுகிறது.

இது சொல்லாராய்ச்சி செய்வோருக்கு மட்டுமே உரிய கவலை அன்று. ‘ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் கடிவாளத்தை வெந்நீரில் கழுவுக’ என்று ஒரு பராமரிப்புக் குறிப்பு மொழிபெயர்க்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூலத்தில் கழுவச் சொன்னது வாய்க்குள் கிடக்கும் உலோகத் துண்டை. எச்சிலும் புல்லும் உலர்ந்து ஒட்டிக்கொண்டால் மறுநாள் அவை வாயோரத்தை அறுக்கும் என்பதே அதற்குக் காரணம். தமிழில் படிப்பவர் முழுத் தலைக்கோப்பையும் வெந்நீரில் முக்கினால், தோலில் ஊறியிருந்த எண்ணெய்ப்பசை வெளியேறி, காய்ந்தபின் வார் விறைத்து வெடிக்கும். ஒரு சொல்லின் குழப்பத்துக்கு ஒரு நல்ல தோல்கோப்பு பலியாகிவிடும்.

கடிவாளம் என்ற சொல்லின் முதற்பகுதி ஐயத்துக்கு இடமின்றி ‘கடி’ என்னும் வினையே. பிற்பகுதியை விளங்கிக்கொள்ள அண்டை மொழிகள் துணை செய்கின்றன. மலையாளத்தில் இது கடிஞ்ஞாண். ஞாண் என்பது தமிழின் நாண், அதாவது கயிறு. கன்னடத்தில் கடிவாண. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாயில் கடிக்கக் கொடுத்து அதனோடு கட்டிய கயிறு என்பதே அடிப்பொருள் என்றும், நாண் என்ற ஒலியே தமிழில் ‘வாளம்’ எனத் திரிந்து நின்றது என்றும் கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எவ்வாறாயினும் சொல்லின் உயிர் வாய்க்குள் இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. நெற்றிவாரும் கன்னவாரும் அதனைத் தாங்கும் துணைக் கருவிகளே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ‘கடி’ என்று பெயரிலேயே இருந்தாலும், ஒழுங்காகப் பொருத்தப்பட்ட கடிவாளத்தைக் குதிரை கடிக்க முடியாது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு நீண்டு கிடக்கிறது. ஆண் குதிரைகளுக்கு அதன் முன்பகுதியில் கோரைப்பல் முளைக்கும். அதற்கும் பின்னே உள்ள வெற்றிடத்தில், நாக்கின்மேலும் ஈற்றின்மேலுமாகத் துண்டு அமர்கிறது. வார் இழுபடும்போது அழுத்தம் நாக்கிலும் ஈற்றிலும் வாயோரங்களிலும் உணரப்படுகிறது. பல்லுக்கு அதில் வேலையே இல்லை. துண்டைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே தள்ளிக் கடித்துக்கொள்ளக் கற்ற குதிரையோ, எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. முதற் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு ஒரு சிறு பல் முளைப்பதும், துண்டு அதில் உரசி வலிக்கும் என்பதால் மருத்துவர் அதைப் பிடுங்கிவிடுவதும் வழக்கம். பழைய ஆட்கள் வெளியிலிருந்து பார்த்துக் கடிப்பதாக எண்ணிப் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பிழை அழகாகவே இருப்பதால் திருத்த வேண்டியதில்லை.

லகான் என்ற சொல்லுக்கு வருவோம். இது பாரசீக மொழியின் லகாம். அரபியில் லிஜாம் என்று வழங்குவதும் அதுவே. இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தபோது இறுதி மகரம் னகரமாயிற்று. பாரசீகத்தில் அது வாய்த்துண்டையும் தலைக்கோப்பையும் குறிக்கும். தமிழ்ப் பேச்சில் ‘லகானைப் பிடி’ என்றால் கையிலிருக்கும் வாரையே பிடிக்கச் சொல்கிறோம் என்பதால், வாயிலிருந்த சொல் கைக்கு வந்துவிட்டது. அதே வழியில் வந்து சேர்ந்த இன்னும் இரண்டைச் சொல்லலாம். குதிரையின் உடம்பைத் தேய்த்து உருவிவிடுவதை மாலீசு என்றார்கள். அது பாரசீக மாலிஷ். சேணத்தை ஜீனி என்றார்கள். அது பாரசீக ஜீன். ஜீனி சீனி என்றும் எழுதப்பட்டதால், குதிரைக்குச் சீனி போடுவது முதுகில் போடுவதா வாயில் போடுவதா என்ற ஐயம் இன்றைய வாசகருக்கு எழக்கூடும்.

லகான் அயற்சொல் ஆயிற்றே, பழந்தமிழ்ச் சொல்லைக் கொண்டு வருவோம் என்று தேடப் புறப்படுபவருக்கு முதலில் கிடைப்பது கலினம். காப்பியத் தமிழில் வழங்கிய, கேட்கும்போதே தமிழ்போல் ஒலிக்கிற சொல் இது. ஆனால் இது வடமொழி கலீனம் என்பதிலிருந்து வந்தது. அந்த வடமொழிச் சொல்லோ கிரேக்கத்தின் கலினோஸ் என்பதன் வடிவம். கிரேக்கர்களோடு ஏற்பட்ட தொடர்பில் குதிரையின் வாய்த்துண்டுக்கான இப்பெயர் இந்தியாவுக்குள் வந்திருக்கிறது. ஆகவே லகானை நீக்கிவிட்டுக் கலினத்தை வைப்பவர், பாரசீகரை அனுப்பிவிட்டுக் கிரேக்கரை அழைத்து உட்கார வைக்கிறார்; அவ்வளவே.

சவுக்கைக் குறிக்கும் மத்திகையும் அப்படிப்பட்டதே. கிரேக்க மொழியில் சவுக்குக்கு மாஸ்டிக்ஸ் என்று பெயர். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்களை, அதாவது கிரேக்கர் முதலிய மேலைநாட்டாரை, பாடும் புலவர், ‘மத்திகை வளைஇய’ உடையோடு அவர்களை நிறுத்துகிறார். கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்ற கருவி, யவனரின் இடுப்பிலேயே சுற்றிக் கிடக்கிறது. ஒரு சொல்லின் பிறப்புச் சான்றிதழ் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. அதே மத்திகை கலித்தொகையின் 96ஆம் பாடலிலும் வருகிறது. பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவன் ‘குதிரை ஏறி வருகிறேன்’ என்று பொய் சொல்ல, தலைவி அந்தப் ‘பெண் குதிரை’யின் அணிகளையெல்லாம் குதிரைக் கருவிகளாக ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எள்ளுகிறாள்: கழுத்துக்கு வல்லிகை, காதுக்குப் புல்லிகைச் சாமரை, காலுக்குக் கிண்கிணி. கேலிக்காகப் பாடப்பட்ட அந்தப் பாடல் அக்காலக் குதிரைக் கருவிகளின் பட்டியலாக நமக்கு மிஞ்சியிருக்கிறது.

தமிழ்மண்ணின் சொல் என்று தயங்காமல் சொல்லத்தக்கது வள்பு. வள் என்றால் தோல்வார். வள்பு, தேரோட்டியின் கையிலிருக்கும் வாரைக் குறிக்கும். அகநானூற்றின் நான்காம் பாடலில், கார்காலத்தில் வீடு திரும்பும் தலைவனின் குதிரையைக் குறுங்குடி மருதனார் ‘கொய்சுவற் புரவி’ என்றும், அதன் வார்களை ‘நரம்பு ஆர்ப்பன்ன வாங்கு வள்பு’ என்றும் பாடுகிறார். சுவல் என்பது பிடரி. கொய்சுவல் என்றால் மயிரைக் கத்தரித்து ஒழுங்குபடுத்திய பிடரி. இன்று குதிரை வளர்ப்போர் சீப்பும் கத்தரியும் கொண்டு செய்யும் அதே வேலை, இரண்டே சொற்களில் அடங்கிவிட்டது. வள்புக்குச் சொன்ன உவமை அதைவிட நுட்பமானது. நன்றாகப் பிடித்த வார் தொய்வாகவும் இராது, இறுக்கமாகவும் இராது. யாழ் நரம்பைப்போல இழுபட்டு, சிறு அசைவையும் வாய்க்குக் கடத்தும் நிலையில் இருக்கும். குதிரையேற்றம் கற்பிப்போர் பல நாள் பாடுபட்டுச் சொல்லித்தருவது இதைத்தான்.

முதுகுக் கருவியான சேணத்துக்கும் பழைய பெயர்கள் இருந்தன. பருமம் அவற்றுள் ஒன்று. ‘பருமம் களையாப் பாய்பரிக் கலிமா’ என்று நெடுநல்வாடையில் வரும் குதிரைகள், சேணம் கழற்றப்படாமலே சேற்றுத் தெருவில் நின்று, மேலே விழுந்த மழைத்துளிகளை உடம்பைச் சிலிர்த்து உதறுகின்றன. போர்க்களத்தின் பரபரப்பைக் காட்ட எழுதப்பட்ட வரி இது. குதிரை வைத்திருப்பவர் படித்தால் முதலில் நினைப்பது, நனைந்த சேணத்தின் கீழ் அந்த முதுகு என்ன பாடுபடும் என்பதாகவே இருக்கும். பண் என்பதும் குதிரைக் கலனைக் குறித்தது. புறநானூற்றின் 12ஆம் பாடலில் ‘புனைதேர் பண்ணவும்’ என்றால் தேரைப் பூட்டி ஆயத்தம் செய்தல். இன்று எதற்கெடுத்தாலும் ‘பண்ணு’ என்கிறோமே, அந்த வினை ஒரு காலத்தில் குதிரைக்குக் கருவி பூட்டும் இடத்தில் நின்றிருக்கிறது. கால்வைக்கும் அங்கவடிக்கு மட்டும் இவ்வாறு சங்கச் சொல் தேட வேண்டியதில்லை. சாஞ்சிச் சிற்பங்களில் பெருவிரல் நுழையும் கயிற்று வளையம் அளவில்தான் அது தென்படுகிறது. இரும்பு அங்கவடி அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே பரவியது.

இனி, இன்றைக்கு எந்தப் பொருளை எந்தச் சொல்லால் வழங்குவது? கடிவாளம் என்பதை வாய்த்துண்டுக்கு மட்டுமே உரியதாக்கலாம் என்று சொற்பிறப்பு சொல்கிறது. ஆனால் மக்கள் வழக்கு முழுத் தலைக்கோப்பையும் அப்பெயரால் அழைத்துப் பழகிவிட்டது. அதை இனித் திருப்ப முயல்வது வீண் வேலை. ஆகவே பிரைடில் என்ற முழுக் கோப்புக்குக் கடிவாளம் என்பதையே வைத்துக்கொண்டு, அதன் உறுப்புகளை உச்சிவார், நெற்றிவார், கன்னவார், தொண்டைவார், மூக்குவார் என்று இடப்பெயரால் வழங்கலாம். மூக்குவாருக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற பழைய அளவுக்குறிப்பு, இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கும். வாய்த்துண்டு பொருத்தாத, கட்டி வைக்கவும் நடத்திச் செல்லவும் மட்டும் பயன்படும் எளிய கோப்புக்குத் தலைக்கயிறு என்ற வழக்கே போதும்.

பிட் என்பதற்கு வாய்க்கருவி என்பதை நான் பரிந்துரைக்கிறேன். வாயிரும்பு, கடியிரும்பு என்ற சொற்கள் நறுக்கென்று இருந்தாலும் நிலைக்க மாட்டா. ஏனென்றால் இன்று ரப்பரிலும் நைலானிலும் தோலிலும் அவை செய்யப்படுகின்றன. உலோகத்திலும் துருப்பிடிக்காத எஃகு, எச்சிலை ஊறச்செய்யும் செம்புக் கலவை, வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டுக் குதிரைக்குச் சுவை தருவதாகச் சொல்லப்படும் மெல்லிரும்பு எனப் பலவகை உண்டு. பலர் விரும்பி வாங்குவது, நடுவில் மூட்டுள்ள வளைய வகை. வாரை இழுத்த அளவே வாயில் அழுத்தம் விழுவதால் தொடக்கநிலையில் இருப்பவர் கைக்கும் அது ஏற்றது. பக்கக் கோல்களும் தாடைச் சங்கிலியும் கொண்ட மற்றொரு வகை நெம்புகோலாக வேலை செய்வதால், சிறு இழுப்பும் பெரும் அழுத்தமாக மாறும். அதை நெம்பு வாய்க்கருவி எனலாம். பெரும்பாலான குதிரைகளுக்கு 5 அங்குலம், அதாவது 12.5 சென்டிமீட்டருக்கு அருகிலான அகலம் பொருந்தும். வளையத்துக்கும் வாயோரத்துக்கும் இடையே சிறிது இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தோல் கிள்ளப்படும்.

ரெய்ன்ஸ் என்பதற்குக் கடிவாள வார் என்பது நல்ல, விளக்கமான சொல். எழுத்தில் சுருக்கம் வேண்டுவோர் வள்பை மீட்டுக்கொள்ளலாம். லகான் என்பது இப்பொருளில் பேச்சில் வாழ்ந்துகொண்டிருப்பதால் அதை விரட்ட வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

வாய்க்கருவி என்று பிரித்துப் பெயரிடுவதன் பயன், ஹேக்கமோர் என்ற கருவியிடம் வரும்போது தெரிகிறது. இது வாய்க்குள் எதையும் வைக்காமல், மூக்கின்மேல் படியும் பட்டையால் குதிரையை நடத்துவது. வாயில் புண்ணுள்ள குதிரைக்கும் இளங்குதிரைக்கும் பலர் இதையே நாடுகிறார்கள். ‘கடிவாளமில்லாக் கடிவாளம்’ என்று மொழிபெயர்த்து நகைப்புக்கு ஆளாகாமல், ‘வாய்க்கருவியில்லாக் கடிவாளம்’ என்று சொல்லிவிடலாம். இச்சொல்லின் வரலாறும் நம் கடிவாளத்தின் கதையை ஒத்தது. ஸ்பானிய மொழியின் ஹாக்கிமா என்பதிலிருந்து வந்தது ஹேக்கமோர். அதற்கும் மூலம் அரபியின் ஷக்கீமா. அரபியில் ஷக்கீமா என்றால் வாய்க்குள் வைக்கும் அதே கருவி! பெயர் மட்டும் பயணம் செய்து, பொருளை வழியிலேயே உதிர்த்துவிட்டது.

ஒரு வழக்குப் பிழையையும் இங்கே சுட்ட வேண்டும். அக்கம்பக்கம் பாராமல் ஒரே நோக்கில் போகிறவரைக் ‘கடிவாளம் கட்டிய குதிரை’ என்றும் ‘சேணம் கட்டிய குதிரை’ என்றும் எழுதுகிறார்கள். கடிவாளம் கண்ணை மறைக்காது. முதுகில் கிடக்கும் சேணம் மறைக்கவே மறைக்காது. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். அந்தப் பார்வையைக் குறைக்கவே வண்டிக் குதிரைகளுக்கும் சில பந்தயக் குதிரைகளுக்கும் கண்ணோரத்தில் தோல்மறைப்பு வைக்கிறார்கள். அதைக் கண்மறைப்பு என்றோ கண்பட்டை என்றோ சொல்லலாம். ‘செலவுக்குக் கடிவாளம்’ என்று எழுதுவதில் தவறில்லை. அடக்கி நிறுத்துதல் கடிவாளத்தின் வேலைதான். பார்வைக்குக் கடிவாளம் போடுவதுதான் பொருந்தாதது.

முதலில் பார்த்த பராமரிப்புக் குறிப்பை இந்தச் சொற்களால் திருப்பி எழுதினால் இப்படி அமையும்: ‘ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் வாய்க்கருவியை வெந்நீரில் கழுவித் துடைக்கவும். கடிவாளத்தின் தோலையும் வார்களையும் நீரில் முக்காமல், பிழிந்த ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, சேணச் சோப்பால் சுத்தம் செய்து, நிழலில் உலர்ந்தபின் தோலெண்ணெய் சிறிதளவு தடவவும்.’