காத்தாடி ஆண்டிபட்டியில், கரண்ட் கப்பலூரில்: 26-51 கணக்கு

மதுரையிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைக் காத்தாடிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றில் மதுரைக்குப் பக்கத்துக் கப்பலூர் ஆலைக்காரருக்குப் பங்கு இருந்தால், அங்கே உற்பத்தியாகும் யூனிட் இங்கே அவருடைய ஈ.பி. பில்லில் கழியும். இதற்கெனத் தனிக் கம்பி இழுப்பதில்லை. அங்கே மின்வாரியக் கம்பியில் ஏற்றியதை இங்கே வரவு வைக்கிறார்கள், அவ்வளவுதான். தொழில் வட்டாரத்தில் இதன் பெயர் 'கேப்டிவ்', அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கான மின் உற்பத்தி. பலர் கூட்டுச் சேர்ந்தால் 'குரூப் கேப்டிவ்'.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 9-வது பிரிவு தரும் உரிமை இது. வெளியாரிடம் மின்சாரம் வாங்கும் ஆலை, குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மற்றவர்களுக்கு மலிவாகக் கொடுப்பதை ஈடுகட்ட வசூலிப்பது) கட்ட வேண்டும். சொந்த மின்சாரத்துக்கு அது கிடையாது. லாபமே இதில்தான். வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான வீலிங் கட்டணமும் வழியில் ஏற்படும் மின்னிழப்பும் எப்படியும் உண்டு.

சரி, எது 'சொந்தம்'? 2005 மின்சார விதிகளில் 3-வது விதி இரண்டு அளவுகோல் வைக்கிறது. மின்சாரத்தைப் பயன்படுத்துவோர் கையில் காத்தாடியின் குறைந்தது 26 சதவீத உரிமை இருக்க வேண்டும். கம்பெனி என்றால் வாக்குரிமை உள்ள பங்காக இருக்க வேண்டும். உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே செலவழிக்க வேண்டும். கூட்டாகச் செய்தால் அவரவர் பங்குக்கு ஏற்ற அளவில் செலவழிக்க வேண்டும். 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். கேப்டிவ் உற்பத்திக்கென்றே தொடங்கிய கம்பெனிக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு கணக்கு போடுவோம். மூன்று பேர், சம பங்கு. வருடத்தில் காத்தாடி தந்தது 10 லட்சம் யூனிட். மூவரும் சேர்ந்து 5.1 லட்சம் யூனிட்டாவது செலவழிக்க வேண்டும், தலைக்கு 1.7 லட்சம். ஒருவர் 1.53 லட்சம் வரை இறங்கலாம், ஆனால் அந்தக் குறையை மற்ற இருவர் ஈடுகட்டியாக வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். 51 சதவீதம் என்பது நிலையான எண் இல்லை. காற்று நன்றாக அடித்து உற்பத்தி 12 லட்சமானால், செலவழிக்க வேண்டியதும் 6.12 லட்சமாக ஏறிவிடும். அதே வருடம் ஆர்டர் இல்லாமல் ஒரு ஷிப்ட் நின்றால் சிக்கல்தான். காற்று குறைந்த வருடத்தைவிட, ஆலை மந்தமாக ஓடி காற்று வெளுத்து வாங்கும் வருடத்துக்குத்தான் நான் பயப்படுவேன். அளவு தவறினால், குறைந்த யூனிட்டுக்கு மட்டுமல்ல, அந்த வருட உற்பத்தி முழுவதுமே வெளியாருக்கு விற்றதாகக் கருதப்படும். விட்டுப்போன கூடுதல் கட்டணம் மொத்தமாக வந்து நிற்கும்.

கணக்கு வருடாந்திரம், ஏப்ரல் முதல் மார்ச் வரை. நம் பக்கம் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஆகவே அக்டோபரிலேயே வருட உற்பத்தியின் பெரும்பகுதி தெரிந்துவிடும்; செலவை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள மீதி ஆறு மாதம் கையில் இருக்கும்.

"பங்கு மட்டும் வாங்குங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்று வரும் இடைத்தரகரிடம் ஒன்று கேளுங்கள்: இன்னொரு பங்குதாரர் தன் அளவைச் செலவழிக்கத் தவறினால் என் தலையில் விழும் கட்டணத்தை யார் கட்டுவது? பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.