கால் வேகம்தான், கண்ணுக்குத்தான் பழக்கம் போதவில்லை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கும்போது ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். பள்ளியில் கொடிகட்டிப் பறந்த பதினெட்டு வயதுப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். அணியின் உயரமான ஆளான சென்டர் வந்து ஸ்கிரீன் போடுகிறார், அதாவது தடுப்பாளரின் வழியை மறித்து நிற்கிறார். எதிரணியின் இரண்டு பேரும் பந்தை நோக்கிப் பாய, சென்டர் நழுவிக் கூடைப் பக்கம் ஓடுகிறார். பாஸ் கொடுக்க வேண்டியது அந்த நொடியில்தான். பையன் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டுக் கொடுக்கிறான். அதற்குள் மூலையில் நின்ற தடுப்பாளர் ஓர் அடி உள்ளே வந்துவிட்டார். பந்து அவர் கையில்.

"இவன் ரொம்ப ஸ்லோ" என்று கேலரியில் முணுமுணுப்பு எழும். ஆனால் ஆடுகளத்தில் இருக்கும் பத்துப் பேரில் அவன் கால்தான் வேகமானதாகவும் இருக்கலாம். தாமதம் நடப்பது கண்ணுக்கும் முடிவுக்கும் நடுவில்.

1980-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆட்டக் காட்சிகளின் படங்களைச் சிறிது நேரம் காட்டி மறைத்துவிட்டு, யார் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார்கள். ஒழுங்கான ஆட்டமுறை நடந்துகொண்டிருக்கும் படமென்றால், கூடைப்பந்து ஆடுகிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். பந்து கைமாறிச் சிதறிக் கிடக்கும் தருணத்தின் படமென்றால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வீரர்களுக்கு நினைவாற்றல் அதிகம் என்று இதற்குப் பொருளில்லை. பத்துப் பேரைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரே கோலமாகப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சதுரங்கக்காரர்களிடமும் இதே விஷயம் 1973-லேயே தெரியவந்தது.

சரி, நம் பையனும் பத்து வருடம் ஆடியவன்தானே? அவனிடமும் கோலங்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், அவை பள்ளி மைதானத்தின் அளவுக்குத் தைத்தவை. அங்கே மூலையில் நின்ற தடுப்பாளருக்குக் கை நீளம் குறைவு, ஓட்டம் மெதுவு. அந்தக் கணக்கில் திறந்திருந்த பாதை இங்கே மூடிக்கிடக்கிறது. வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயின்ட் கோடுகூடத் தள்ளிப் போய்விட்டது: பள்ளியில் 19 அடி 9 அங்குலம், ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2019-20 சீசனிலிருந்து 22 அடி 1¾ அங்குலம். கூடவே 30 நொடிக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்ற ஷாட் கிளாக் வேறு. கற்றதை மறக்கவும் முடியாது, அப்படியே பயன்படுத்தவும் முடியாது. புதிதாகக் கற்பதைவிட இது சங்கடமான நிலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தடுப்பாட்டத்தில் இன்னும் மோசம். யாரை விட்டுவிட்டு யாருக்கு உதவப் போவது, எப்போது திரும்புவது என்று யோசித்துச் செய்யும்வரை கால் ஒரு கணம் நின்றுதான் நகரும். பழகப் பழக யோசனை கழன்றுபோய், உடம்பே செய்ய ஆரம்பிக்கும். கோச் எறியும் பாணியைத் திருத்தினாலும் இதே கதைதான்: சரியாகும் முன் கொஞ்ச நாள் கெட்டுப்போகும். ரசிகர் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் கெட்டுப்போன நாட்களைத்தான்.

அப்புறம், எண்கள் செய்யும் விளையாட்டு. நூற்றுக்கு 35 த்ரீ போடும் திறமை உள்ளவன் 50 முறை எறிந்தால் 17, 18 விழ வேண்டும். ஆனால் எந்த மாற்றமும் இல்லாமல், வெறும் தற்செயலாலேயே 14 விழுவதும் 21 விழுவதும் சர்வ சாதாரணம். அதாவது 28 சதவீதக்காரனும் 42 சதவீதக்காரனும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆட்டத்துக்கு நான்கு எறிகிறவனுக்கு 50 சேரவே பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டம் ஆகும். அதற்குள் தீர்ப்பு எழுதுகிறவர்கள் நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள் என்றுதான் சொல்வேன். ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதலான ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் அதே 15 அடி, மறிக்க ஆளில்லை. கையின் தரம் அங்கே சீக்கிரம் தெரியும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியின் ஃபிராங்க் காமின்ஸ்கி முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 புள்ளி எடுத்தார். அடுத்த ஆண்டு 4.2. பிறகு 13.9, கடைசி ஆண்டில் 18.8, அந்த 2015-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகள் அவருக்கு. இதைக் காட்டி எல்லாரும் இப்படி மலர்வார்கள் என்று சொன்னால் அது பொய். பலர் 4.2-லேயே நின்றுவிடுகிறார்கள். 2021-க்குப் பிறகு ஓராண்டு வெளியில் உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றாகிவிட்டதால், ஓரிடத்தில் காத்திருந்த பலனை இன்னோர் ஊர் ரசிகர்கள் அனுபவிப்பதும் நடக்கிறது.

அதே 2015 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் காமின்ஸ்கி 21 புள்ளி எடுத்தும் விஸ்கான்சின் 63-68 என்று டியூக் பல்கலைக்கழக அணியிடம் தோற்றது. டியூக்கின் 68-இல் 60 முதலாமாண்டு மாணவர்கள் எடுத்தவை. அணி ஒன்பது புள்ளி பின்தங்கிய நேரத்தில் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்து, மொத்தம் 16 எடுத்தவர் அவர்களில் ஒருவரான கிரேசன் ஆலன். அந்த சீசனில் அவர் சராசரி 4.4, பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.