செய்து கற்கும் அறிவியல்: ஆசிரியர் பயிற்சிக்கு என்னென்ன வழிகள் உள்ளன? செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு விளக்கம்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி வசதி செய்து தருவது அரசின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 8ஆம் பிரிவில் கூறுகிறது. குழந்தைகள் செயல்பாடுகள் வழியாகவும், தாமே தேடிக் கண்டறிந்தும் கற்கும் வகையில் தொடக்கக் கல்விப் பாடத்திட்டம் அமைய வேண்டும் என்பது அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், செய்முறை அறிவியலுக்கான பயிற்சியைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை என்பது விளங்கும்.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இப்பயிற்சி பெரும்பாலும் பணி ஆணையாகவே வருகிறது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பயிற்சிக் கட்டகங்களை (பாடக் கையேடுகளை) தயாரிக்க, சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவிலில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும், அதன்பின் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் அவற்றை ஆசிரியர்களிடம் கொண்டு சேர்க்கின்றன. திருமயம், பொன்னமராவதிப் பக்கத்துப் பள்ளிகள் புதுக்கோட்டை மாவட்ட அமைப்பின் கீழ் வரும். 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமே இதற்கான முதன்மையான நிதி வழி. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் செயல்முறைகளில், அதாவது அலுவலக ஆணையில், எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நாள் என்பது இருக்கும். பயிற்சி நாள் பணி நாளே என்பதால், அதற்காகத் தற்செயல் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர் அதிகம் பயன்கொள்ளக்கூடியது வானவில் மன்றம். 28.11.2022 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திருச்சியில் தொடங்கி வைத்த இத்திட்டம், 13,210 அரசுப் பள்ளிகளை உள்ளடக்கியது. கருத்தாளர்கள் எளிய பொருட்களுடன் பள்ளிக்கே வந்து அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டுகின்றனர். இதை மாணவர்களுக்கான நிகழ்ச்சியாக மட்டும் எண்ணிக்கொண்டு, கருத்தாளர் வந்த நேரத்தில் பாட ஆசிரியர் பதிவேட்டு வேலைக்குப் போய்விடுவது பெரும் இழப்பு. உடன் நின்று செய்தால், வகுப்பறையிலேயே கிடைக்கும் பயிற்சி அது.

கட்டகத்தில் உள்ள சோதனையை நம் ஊர்ப் பொருளுக்கு மாற்றுவதுதான் ஆசிரியரின் கைத்திறன். செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி எடுக்கும் இக்கல் சூளைக்குப் போவதே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போகிறது. சுடாத கல் எப்படி இறுகுகிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டால், வெயிலில் காய்ந்துதான் என்று பலரும் சொல்லக்கூடும். ஒரே கலவையில் இரண்டு சிறு வில்லைகள் செய்து, அவை சற்று இறுகியபின் ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை வெயிலிலும் ஒரு வாரம் வைத்து, ஆணியால் கீறிப் பார்க்கச் சொன்னால், வெயிலில் வைத்தது எளிதில் உதிர்வதைக் காணலாம். சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது என்பதை அதன்பின் சொன்னால் போதும்.

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே உத்தரவிட்டது. 2003இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. இதற்குத் துணையாக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கென ஆண்டு மானியம் வகுக்கப்பட்டுள்ளது. தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 15,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை என்பது அதன் வரம்பு. ஊருணிக்கு நீர் வரும் வரத்துக்காலை மாணவர்களுடன் நடந்து வரைபடமாக்க ஏறக்குறைய செலவே இல்லை. திருப்பத்தூர் அருகே 1977இல் அமைந்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்திற்கு அழைத்துச் செல்வதானால் வண்டி வாடகை உண்டு. அச்செலவை மானியத்தில் காட்ட முடியுமா என்பதை, அவ்வாண்டின் வழிகாட்டு நெறிமுறைகளைப் படித்த பின்பே முடிவு செய்ய வேண்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களிடம் மாணவர்கள் பேசவும் அங்கே நேரம் ஒதுக்கலாம்.

காரைக்குடிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்ற தேசிய ஆய்வகம் இங்கேயே இருக்கிறது. தேசிய ஆய்வகங்களைப் பள்ளிகளுடன் இணைக்க 2017இல் தொடங்கிய ஜிக்யாசா திட்டத்தில், மாணவர் வருகையோடு ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளுக்கும் இடமுண்டு. இதற்குப் பணி ஆணை தானாக வரும் என்று காத்திராமல், தலைமை ஆசிரியர் வழியாகக் கடிதம் எழுதிக் கேட்பதே முறை. வர விரும்பும் ஆசிரியர்களின் எண்ணிக்கை, கற்பிக்கும் வகுப்பு, மின்கலம், அரிமானம் (உலோகம் துருப்பிடித்து அரிதல்) போன்று எந்தப் பாடப்பகுதிக்கு உதவி வேண்டும் என்பவற்றை அக்கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது.