சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை

பல வருஷமாகச் சபையில் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பமும் திராட்சரசமும், பரிமாறுகிறேன். முழங்கால்படியிட வருகிறவர்களின் முகத்தைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அப்பத்தை வைப்பது அங்கேதானே. சில கை நடுங்கும், சில கை டிக்கெட் வாங்குவதுபோல் நீளும். ஆனால் என் கவலை இந்த அவசரக்காரர்களைப் பற்றியது அல்ல, எழுந்து வெளியே போகிறவர்களைப் பற்றியது.

ஒருவர் இருந்தார். மேசையின் மேல் மூடியிருக்கும் வெள்ளைத் துணியை எடுத்தவுடன் கிளம்பிவிடுவார். ஒருநாள் வாசலில் பிடித்துக் கேட்டேன். "தம்பிமேல் இருக்கிற கோபம் போகவில்லை ஐயா, நான் அபாத்திரன், தகுதியில்லாதவன், சாப்பிட்டால் ஆக்கினைத்தீர்ப்பு, தண்டனைதான்" என்றார். நாலு வருஷமாம்! பைபிளில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின கடிதமான முதலாம் கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில், அபாத்திரமாய்ப் புசிப்பதைக் கண்டிக்கிற 27-ஆம் வசனமும் 29-ஆம் வசனமும் அவருக்கு மனப்பாடம், நடுவில் இருக்கிற 28-ஐத்தான் விட்டுவிட்டார். தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறது அது, சோதித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. 'அபாத்திரமாய்' என்ற சொல்லும் ஆளைப் பற்றியதல்ல, புசிக்கிற விதத்தைப் பற்றியது. கிரேக்க மூலத்திலும் அது வினையை ஒட்டியே நிற்கிறது. தகுதியுள்ளவர்கள்தான் சாப்பிடலாம் என்றால் பரிமாறுகிற நான்தான் முதலில் வெளியே போகவேண்டும்.

அப்படியென்றால் எந்த விதம் தப்பு? அதே அதிகாரத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து படியுங்கள். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்றார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், சிலர் குடித்து வெறித்தும் இருந்தார்கள். பவுல் கொதித்தது இதற்காகத்தான், கடைசியில் அவர் சொன்ன பரிகாரமும் 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்பதுதான். நாமோ சோதித்தறிதல் என்றாலே இரகசியப் பாவங்களைத் தோண்டி எடுப்பது என்று நினைத்துக்கொண்டு, யாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், யாருக்குத் தரவேண்டியதைத் தராமல் வைத்திருக்கிறோம் என்பதை எண்ணவே மாட்டோம். சொத்து வழக்கில் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே வரிசையின் இரண்டு முனைகளில் முழங்கால் போட்டார்கள், இருவருக்கும் கொடுத்தேன். முந்தின நாளே நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

அதனால் சொல்கிறேன், இந்தச் சோதித்தறிதலைப் பாட்டு முடிகிற இரண்டு நிமிஷத்துக்குள் செய்ய முடியாது. சனிக்கிழமை ராத்திரியே உட்காருங்கள், போன் பண்ணவேண்டியவருக்குப் பண்ணுங்கள். அவர் எடுக்கவில்லையா? 'கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்' என்று ரோமர் 12:18 அதற்கும் இடம் வைத்திருக்கிறது. (கத்தோலிக்கர்களுக்கு, சாவான பாவம் என்னும் பெரும்பாவம் இருந்தால் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் முதலில், நற்கருணை என்று அவர்கள் சொல்லும் திருவிருந்து அப்புறம்.) குடியை விட்டவர்களும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் உங்கள் சபை ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது அவபக்தி இல்லை.

வாசலில் பிடித்துக் கேட்டேனே, அந்த மனிதர் இரண்டு மாதம் கழித்து வந்தார். தம்பியிடம் பேசினாராம், பாதிதான் சரியானதாம். கை நடுங்கியதில் அப்பத்துண்டு ஒன்று கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார், பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.